பள்ளிக்கு வராத பிள்ளை



வெள்ளி விழா மேடையில் தேர்ச்சி பெற்றோரைப் பாராட்டுதல் மரபு. நாமோ, பள்ளிக்கு வராது நின்றுவிடும் பிள்ளையைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை இவ்வவையில் அறியாதார் இரார். வள்ளியூர்ப் பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்ற நம் சமுதாய மாணவனை, பள்ளித் தோழர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுண்டாள். அதற்கு முன் சில நாட்கள் அவன் பள்ளிக்குச் செல்லவில்லை. காரணம் வினவிய பின்னரே அவன்பட்ட தொல்லை வெளிவந்தது. புகார் தரப்பட்டது, அன்றிரவே அரிவாள் வந்தது. வருகைப் பதிவேட்டின் வெற்றுக் கட்டங்களே அவன் தந்த முதல் புகார் என்போம்.

முரடன் ஒருவன் தனித்து நின்றால் அவனால் ஆவது சிறிது. உடன் நகைக்கும் நால்வரும், அஞ்சி வாளாவிருக்கும் நாற்பதின்மருமே அவன் பலம். நார்வே நாட்டு அறிஞர் தான் ஓல்வியஸ் 1983இல் பெர்கன் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முயற்சி, வேடிக்கை பார்ப்போரையும் கணக்கிற் கொண்டது. நம் பக்கத்திலோ சாதியும் துணை நிற்கின்றது. வண்ணக் கயிறு கையிலேறியதும், நேற்றுவரை சோற்றைப் பகிர்ந்துண்டவன் வேற்றாளாகிறான். 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் இதுபற்றிச் சுற்றறிக்கை விடுத்தார். அதற்கெழுந்த எதிர்ப்பையும் கண்டோம். நாங்குநேரிக்குப்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிற்றுக்குத் தடையும், அகரவரிசைப்படி இருக்கையும் வேண்டுமென 2024 ஜூனில் பரிந்துரைத்தது. நன்றே. ஆயினும் கடைசி மணி அடித்தபின், பேருந்து நிறுத்தத்தில் அகரவரிசை ஏது?

புகார் செய்தவனையும் செய்யப்பட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பது நம் ஆசிரியர்களின் பழைய வழக்கம். அது சிறுவனைக் காட்டிக்கொடுப்பதாகும். அவன் சொன்னதை, வேறெவரோ கண்டு கூறியதுபோல் விசாரித்தல் இயலும். அன்று அவன் வீடு சேரும்வரை பொறுப்பும் நமதே.

நம் இளைஞர்க்கும் ஒன்று சொல்வோம்: பதிலுக்கு நாமும் ஒரு கயிறு கட்டவேண்டா. வெட்டுண்ட அம்மாணவன் 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான்.

சங்கத்தாரிடம் வேண்டுவது இதுவே. தெருவுக்கு ஒருவரை அமர்த்துங்கள். எந்தப் பிள்ளையேனும் மூன்று நாள் பள்ளிக்குச் செல்லாவிடில், அவர் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அதட்டாமல் காரணம் கேட்கட்டும். தலைமையாசிரியரிடம் தனியே வந்து சொல்லட்டும்.