கோரம் என்றொரு சொல்

ஊராட்சிக் கூட்டமானாலும் பால் சங்கக் கூட்டமானாலும் "கோரம் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கொடுமையைக் குறிக்கும் கோரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது லத்தீன் சொல். 'யாருள்' என்று பொருள். இங்கிலாந்தில் உள்ளூர் நீதிபதிகளை நியமித்த பழைய ஆணைகளில் பெயர்களை வரிசையாக எழுதி, 'இவர்களுள் இன்னார் இருந்தே தீர வேண்டும்' என்று சேர்ப்பார்கள். அந்த 'இவர்களுள்' மட்டும் தனியே கழன்று, குறைந்தபட்ச வருகைக்குப் பெயராகிவிட்டது. பிறக்கும்போதே பெயர் சொல்லி ஆளை அழைத்த சொல் அது.

நம் கிராம சபை விதி இதைக் 'குறைவெண் வரம்பு' என்கிறது. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் நாளில், குமாரபாளையத்தைச் சுற்றித் தறி ஓடும் நேரத்தில் இத்தனை பேர் எப்படி வருவார்கள், நோட்டை வீட்டுக்கு வீடு அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சிரமம் உண்மைதான். ஆனால் கையெழுத்து கேள்வி கேட்காது. வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, 'அந்த போர்வெல் மோட்டார் எங்கே?' என்று எழுந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். வரம்பும் அதிகமில்லை, 234 பேர் உள்ள சட்டமன்றத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, 500 பேர் உள்ள ஊருக்கும் அதே பத்தில் ஒரு பங்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அவசியம் போய் உட்காருங்கள்.