முதலீட்டு விசாவும் வருமான வரியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



யாம் கல்லூரிப் படி ஏறியவரல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வே குமாஸ்தாவாக வந்தோம். வரிச் சட்டம் பேச எமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நம் காலனியில் ஒரு குடும்பத்துக்கு நேரவிருந்த இடரே எம்மை இம்மேடையில் ஏற்றியது.

ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், தம் பெயரிலும் மனைவி பெயரிலும் இருந்த திருப்பதி மனைகளை விற்று, துபாயில் வீடு வாங்கி, கோல்டன் விசா பெற எண்ணினார். அங்கு 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து உடையோர்க்கு அவ்விசா உண்டு. தனிமனிதரின் சம்பளத்துக்கும் வாடகைக்கும் வருமான வரி இல்லை. "விசா கைக்கு வந்தால் இந்தியாவிலும் வரி இல்லை" என்று தரகர் ஒருவர் கூற, நண்பரும் நம்பிவிட்டார்.

அன்பர்களே, பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியவர் பிரயாணி ஆகிவிடுவதில்லை. விசா என்பது ஒரு நாட்டில் நுழைய அனுமதி, அவ்வளவே. நம் வருமான வரிச் சட்டமோ நாட்களை எண்ணுகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்குத் தங்கியவர் இந்நாட்டில் வசிப்பவரே. முந்தைய நான்காண்டுகளில் 365 நாள் இங்கிருந்தவர்க்கு 60 நாளே எல்லை. வெளிநாட்டு வேலைக்காகப் புறப்படும் குடிமக்களுக்கு, புறப்படும் ஆண்டில் அவ்வெல்லை 182 நாளாகத் தளர்த்தப்படுகிறது. வீடு வாங்கியதன் பொருட்டு மட்டும் புறப்படுபவர் அச்சலுகையை நம்பியிருத்தல் தகாது. முதலீட்டு விசாவைத் தேர்வோர் முதலில் உணர வேண்டிய வேறுபாடு இதுவே.

நண்பர் ஆண்டில் ஏழு மாதம் திருப்பதியில் இருக்கவே விரும்பினார். அவ்வாறாயின் துபாய் வீட்டு வாடகைக்கும் இங்கு வரி உண்டு. அவ்வீட்டை ஆண்டுதோறும் கணக்கில் காட்டவும் வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

பணம் அனுப்புவதிலும் கணக்கு உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி இங்கு வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலரே அனுப்பலாம். தம்பதியர் இருவர்க்கும் 5 லட்சம். தேவையோ ஏறத்தாழ 5 லட்சத்து 45 ஆயிரம். சொத்து வாங்க அனுப்பும் தொகையில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 20 சதவீதம் வங்கி முன்கூட்டியே பிடிக்கும். அதனை வரியில் கழிக்கலாம், மிகுந்தால் திரும்பப் பெறலாம். அதுவரை அப்பணம் கையில் இராது.

மனையை எப்போது விற்பது என்பதும் முக்கியம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்தை விற்பவர் இங்கு வசிப்பவராயின், லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அல்லது விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20 சதவீத வரி, இரண்டில் குறைந்ததைச் செலுத்தலாம். வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால் அத்தேர்வு இல்லை. விற்ற பணத்தில் வெளிநாட்டு வீடு வாங்கினால், இந்திய வீட்டுக்குரிய வரி விலக்கும் கிட்டாது.

அமெரிக்காவின் முதலீட்டு விசாவோ வேறு வகை. 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 8 லட்சம் டாலர் முதலீடு வேண்டும். கிரீன் கார்டு பெற்றபின் உலகெங்கும் வரும் வருமானம் அந்நாட்டு வரிக்கு உட்படும். இங்கு வரியில்லாத பி.பி.எப். வட்டியும் அங்கு தப்பாது. இங்குக் கட்டிய வரியை அங்குக் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இருப்பது ஓர் ஆறுதல். விசாக்களும் நிலையானவை அல்ல: பிரிட்டன் 2022 பிப்ரவரியில் தன் முதலீட்டு விசாவை மூடிற்று, போர்ச்சுகல் 2023-இல் வீடு வாங்கும் வழியை அடைத்தது.

சித்தூரார்க்கு எல்லை என்பது புதிதன்று. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது நம் முன்னோர் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆட்சி மாறிற்று. 1960-இல் திருத்தணி சென்னை இராச்சியம் சேர்ந்தது. மனிதர் நகராமலே ஆட்சி மாறலாம். மனிதர் நகர்ந்தும் வரி மாறாதிருக்கலாம்.

நண்பர் சித்தூர் ஆடிட்டர் ஒருவரை அணுகினார். இங்கு வசிப்பவராகவே மனைகளை விற்றார். பணத்தில் ஒரு பகுதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலுமாக, இரு நிதியாண்டுகளில் அனுப்பினார். "வரியில்லாமல் வாழப் போகிறேன்" என்பதை விட்டு, "கணக்கோடு வாழப் போகிறேன்" என்கிறார் இப்போது.

ஆகவே அன்பர்களே, ஆயுட்காலச் சேமிப்பைத் தரகர் வாய்ச்சொல்லுக்கு ஈடு வைக்காதீர்கள். மனையை விற்குமுன் ஆடிட்டரைக் கேளுங்கள். டிக்கெட் வாங்குமுன் நாட்களை எண்ணுங்கள். பிள்ளைகள் எங்கு வாழினும் நலமே வாழ்க என வாழ்த்தி விடைபெறுகிறோம்.