நூலகரும் மின்னூலகமும்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு படியில்லாத ஏடுகள் மீளவே இல்லை. 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களை மின்படிகளாக்கி இணையத்தில் காத்து வருகின்றது.

இனி நூலகர் எதற்கு என வினவுவாருளர். மின்படி தானே பேசாது. ஆசிரியர் யார், பதிப்பாண்டு எது, பொருள் யாது என ஆராய்ந்து பட்டியலிடாவிடின், அஃது இருந்தும் இல்லாததே. ஒரே பெயருடைய புலவர் இருவரை வேறுபிரித்துக் காட்டுவதும், திருந்திய பதிப்பு எதுவெனச் சுட்டுவதும் நூலகர் பணியாகும்.

ஆதலின், நூலகர் கணினியைக் கற்றல் வேண்டும். வாசகர் நாடுவதைப் பொறுமையுடன் கேட்டறியும் பழைய பண்பையும் கைவிடலாகாது. இவ்விரண்டும் உடையவரை வாசகர் என்றும் தேடி வருவர்.