கல்லறைக் குன்றில் காலை ஓட்டம்

பசியாறும் முன் கொஞ்சம் நடக்கலாம் என்று நினைக்கிற மலாக்கா நகரத்துக்காரர்களுக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு: புக்கிட் சீனா. சீனாவுக்கு வெளியே உள்ள மிகப் பழைய, மிகப் பெரிய சீன இடுகாடுகளில் ஒன்று. 12,000-க்கும் மேற்பட்ட சமாதிகள். சில மிங் காலத்தவை. அவற்றினூடே போகும் பாதையில்தான் மெதுவோட்டக்காரர்கள் மூச்சிரைக்க ஏறி இறங்குகிறார்கள். பேய்ப் பயம் உள்ளவர்கள் நன்றாக விடிந்தபின் போகலாம்.

1984-இல் இந்தக் குன்றை வெட்டிச் சமன்படுத்திக் கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தது. குன்றைக் காத்துவரும் செங் ஹூன் தெங் கோயில் அறங்காவலர்கள் மறுத்தார்கள். எதிர்ப்பு நாடெங்கும் பரவியது; குன்று தப்பியது. செத்தவர்களுக்காக வாதாடியதில் உயிரோடிருப்பவர்களுக்கு ஓடுபாதை மிஞ்சியது!

நம் தோட்டங்களின் விளையாட்டுத் திடல்களுக்கு அப்படித் தப்பும் கொடுப்பினை இல்லை. லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், பந்து உதைத்த புல்வெளிகள் பல, தோட்டம் கைமாறியபோது சத்தமில்லாமல் போயின.

புக்கிட் சீனாவில் ஓடியபின் இன்னும் ஏறத் தெம்பிருந்தால், ஜொகூர் எல்லையில் லேடாங் மலை இருக்கிறது. உயரம் 1,276 மீட்டர். உச்சிக்குப் போக முன்அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும், திடீரென்று கிளம்பிவிடாதீர்கள்.