சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்கள்

(குத்துக்கல்வலசையில் நடைபெற்ற அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று வரவு செலவுக் கணக்கை வாசிப்பதற்கு முன்னால், நம்மிடம் நேர்ந்த ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பகுதிச் சகோதரர் ஒருவர் மஞ்சள் பையில் மருத்துவக் காகிதங்களோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். வயிற்றில் கட்டி, புற்றுநோய்தான், ஆனால் எந்த வகை என்று இன்னும் தெரியவில்லை, அரிதான வகையாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஆபரேஷன் செலவுக்கான எஸ்டிமேட் வாங்கி வாருங்கள், உதவுகிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். நம் விதி அப்படித்தான் இருக்கிறது. ஏழு வாரம் கழித்து எஸ்டிமேட்டோடு வந்தார். அதற்குள் ஸ்கேனுக்கும் போக்குவரத்துக்கும் அறை வாடகைக்குமாக வீட்டு நகை போய்விட்டது. காசோலையை வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம் அண்ணே. ஆனா இந்த ஏழு வாரத்துல ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வரலை" என்றார். நம்மிடம் பதில் இல்லை.

அந்த ஏழு வாரம் ஏன் ஆகிறது? அலட்சியம் மட்டும் காரணமல்ல. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவதை அரிய புற்றுநோய் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். தனித்தனியே அரிது; எல்லா வகைகளையும் கூட்டினால் அங்கே புற்றுநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல். அரிது என்பதால் அதைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் குறைவு. சதைத் துணுக்கை எடுத்து பயாப்ஸி செய்கிறார்கள். அதே சிலைடைப் பெரிய மருத்துவமனை மறுபடியும் பார்க்கிறது. தனிச் சாயம் ஏற்றி வகையைக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு ஸ்கேன், பிறகு பல துறை மருத்துவர்கள் கூடி எடுக்கும் முடிவு, காப்பீட்டு ஒப்புதல், கடைசியில் படுக்கை. ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். தவறான பெயருக்கு வேகமாக மருந்து கொடுப்பதைவிட, சரியான பெயருக்குச் சில நாள் காத்திருப்பது நல்லது.

நடிகர் இர்ஃபான் கான் அவர்களை நீங்கள் அறிவீர்கள். தமக்கு ஏதோ அரிய நோய் வந்திருக்கலாம், வாரம் பத்து நாளில் முடிவு தெரியும், அதுவரை யூகம் செய்யாதீர்கள் என்று 2018 மார்ச் 5 அன்று கேட்டுக்கொண்டார். ஊர் கேட்கவில்லை, மூளைக் கட்டி என்று பேசினார்கள். மார்ச் 16 அன்று அவரே நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று அறிவித்தார். ஹார்மோன் சுரக்கும் ஒருவகைச் செல்களில் வருவது அது. குடலில் வரும், கணையத்தில் வரும், நுரையீரலிலும் வரும். பெயரில் 'நியூரோ' இருப்பதால் மூளை என்று ஆகிவிடாது என்று அவரே விளக்க வேண்டியிருந்தது. லண்டனில் சிகிச்சையில் இருந்தபோது, தம் மருத்துவமனைக்கு எதிரே லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம் இருப்பதை எழுதினார். சாலைக்கு அந்தப் பக்கம் விளையாட்டு, இந்தப் பக்கம் நோய். 2020 ஏப்ரல் 29 அன்று, ரமலான் மாதத்தில், 53 வயதில் மறைந்தார்.

அவர் பணம் உள்ளவர், லண்டன் போனார். நம் மக்கள் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். அல்லது நெல்லைக்கும் மதுரைக்கும், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மையத்துக்கும் போகிறார்கள். ஆனால் முடிவு தெரியாத நாட்களின் பாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த நாட்களில் ஊர் வாய் செய்யும் காயமும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காத்திருப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கணையத்தில் இதே வகைக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்யச் சொன்னார்கள். அவர் உணவுமுறையையும் மாற்று வைத்தியத்தையும் நம்பி ஒன்பது மாதம் தள்ளிப்போட்டார். உடனே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒன்பது மாதம் திரும்பி வராது. ஆகவே, வீட்டுக்குப் போய், "கத்தி வைக்காதே, இந்தச் சூரணம் சாப்பிடு, இந்தத் தண்ணீரைக் குடி" என்று சொல்லும் சகோதரர்களைக் கைகூப்பிக் கேட்கிறோம்: துஆ செய்யுங்கள், வைத்தியம் சொல்லாதீர்கள். அய்யூப் நபியின் ஸபரை நாம் நினைவுகூர்கிறோம். மருத்துவம் தேடுவது அந்தப் பொறுமைக்கு எதிரானதல்ல.

உதவிகள் இருக்கின்றன, தெரியாததால் இழக்கிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் நோய் வரும் முன்பே எடுத்து வையுங்கள். வெளிமாநிலம் போகிறவர்கள், அங்கே எது செல்லும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை; மருத்துவமனை தரும் சான்றிதழ் போதும்.

இனி, கூட்டத்தின் சம்மதத்தைக் கேட்டு நிற்கிறோம். ஆபரேஷன் பில்லுக்கு மட்டும் உதவி என்ற விதியை மாற்ற வேண்டும். டாக்டரின் சந்தேகச் சீட்டு வந்த நாளிலிருந்தே ஸ்கேன், போக்குவரத்து, தங்குமிடச் செலவுக்கு உதவ வேண்டும். ஜகாத் பெறத் தகுதி இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்கு சதக்கா நிதியிலிருந்து கொடுப்போம். படித்த இளைஞர் ஒருவர் கோப்பைச் சுமந்து கூடவே போகட்டும். நோயாளியின் பெயர் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதற்குப் பணம் வேண்டாம். காத்திருக்கும் வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது போங்கள். "ரிசல்ட் வந்துவிட்டதா?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டீர்களா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் விடட்டுமா?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள்.

அந்தச் சகோதரர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அவருக்கும், இன்னும் பெயர் தெரியாத நோயோடு விழித்திருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.