இயற்கைப் பிரசவம் வேறு, வீட்டுப் பிரசவம் வேறு

(நமது சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரசவத்தைப் பற்றிப் பேச ஓர் ஆண்பிள்ளைக்கு என்ன அருகதை என்று மாமிகள் நினைக்கலாம். நான் டாக்டர் அல்ல. விஞ்ஞானம் படித்துவிட்டு, அரசாங்க உத்தியோகத்தில் அறிக்கைகளையும் புள்ளிவிவரங்களையும் படித்துக் காலம் கழித்தவன். ஆனால் இன்று நம் குடும்பங்களில் இளம் தம்பதிகள் சிலர், "ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றைக் கீறிவிடுவார்கள், வீட்டிலேயே இயற்கையாகப் பெற்றுக்கொள்கிறோம்" என்கிறார்கள். பெரியவர்களில் சிலரும், "எங்கள் பாட்டி வீட்டிலேயே பத்துப் பெற்றாளே" என்று தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டலுக்கு முன் சற்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த உரை.

முதலில், அந்தக் குழந்தைகளின் பயம் வீண் பயம் அல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். 2005-06ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 100 பிரசவங்களுக்கு 8.5 சிஸேரியன். 2019-21 ஆய்வில் அது 21.5. அதிலும் அரசு மருத்துவமனைகளில் 14.3, தனியார் மருத்துவமனைகளில் 47.4. ஒரு நாட்டில் சிஸேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, மேலும் கூடுவதால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. நம் போன்ற நடுத்தர வர்க்கத்தினர் போவது பெரும்பாலும் தனியார் மருத்துவமனைக்குத்தான். ஆகவே கவலை நியாயமானதே.

இதில் நம் பங்கும் உண்டு. நல்ல நட்சத்திரம், நல்ல லக்னம் என்று ஜோசியரிடம் கேட்டு, தேவையில்லாமலே அறுவைக்கு நாள் குறித்துக் கொடுக்கும் தாத்தா பாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஜாதகம் என்பது குழந்தை பிறந்த நேரத்துக்குக் கணிப்பது. கணித்து வைத்த நேரத்துக்குக் குழந்தையை எடுப்பதற்கு எந்த சாஸ்திரம் இடம் கொடுக்கிறது? 39 வாரம் நிறைவதற்கு முன் காரணமின்றி எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம் என்பது டாக்டர்கள் நன்கு அறிந்த விஷயம்.

இனி, பாட்டி பத்துப் பெற்ற கதைக்கு வருவோம். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முன் சுமங்கலிப் பிரார்த்தனை செய்கிறோம். குடும்பத்தில் சுமங்கலியாகப் போன பெண்களை நினைத்துப் புடவை வைக்கிறோம். அவர்களில் பலர் எந்த வயதில், எதனால் போனார்கள் என்று விசாரித்ததுண்டா? "இளையாளாக வாழ்க்கைப்பட்டாள்" என்ற பேச்சு அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு சகஜமாக இருந்தது? மூத்தாள் பல வீடுகளில் பிரசவ அறையிலிருந்து திரும்பி வரவில்லை. பத்துப் பெற்ற பாட்டியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முதல் பிரசவத்தில் போனவளுக்குப் பேரன் இல்லை, அவள் கதையைச் சொல்ல ஆளும் இல்லை.

காரணத்தை விஞ்ஞான ரீதியாகப் பார்ப்போம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகச் சுருங்கி அந்த ரத்தக் குழாய்களை அடைத்தாக வேண்டும். சுருங்காவிட்டால், பிரசவம் சுகமாக முடிந்து எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே, ஆரோக்கியமான பெண்கூட இரண்டு மணி நேரத்துக்குள் உயிரிழக்கலாம். இதற்கு ஆக்ஸிடோசின் ஊசியும், தேவைப்பட்டால் ரத்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யாருக்கு இப்படி நேரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. 2018 ஜூலையில் திருப்பூரில், இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கினால் இறந்தது செய்தித்தாள்களில் வந்தது நினைவிருக்கலாம்.

நாடு முழுவதும், 2005-06ல் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2019-21ல் 88.6 ஆயிற்று. லட்சம் பிறப்புகளுக்குத் தாய் மரணம் 2001-03ல் 301. 2020-22ல் 88. வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த மாற்றத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

"இங்கிலாந்தில் வீட்டிலேயே பெறுகிறார்களே" என்பார்கள். உண்மைதான். அங்கே பெரும்பாலும் சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் மருந்துப் பெட்டியுடன் வீட்டுக்கு வருகிறார்கள். ஆம்புலன்ஸும் மருத்துவமனையும் அவர்களோடு இணைந்தவை. 2011ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல் பிரசவக்காரர்களில் சுமார் 45 சதவீதம் பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தது. குழந்தைக்குக் கடும் பாதிப்பு, மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 என்றால் வீட்டில் 9.3. இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் அந்த வித்தியாசம் இல்லை. அவ்வளவு ஏற்பாடு உள்ள இடத்திலேயே முதல் பிரசவம் இப்படி. நம் ஊர்களில் அடுக்குமாடி லிஃப்ட், சாலை நெரிசல், பாதி ராத்திரி இவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சிஸேரியன்தான் கதியா? இல்லை. இயற்கைப் பிரசவம் என்பது இடத்தைப் பொறுத்தது அல்ல, பொறுமையைப் பொறுத்தது. ஏழாம் மாதத்துக்குள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துச் சில கேள்விகளைக் கேளுங்கள். இங்கே சுகப்பிரசவம் எத்தனை சதவீதம்? வலி எடுத்த பிறகு நடக்க, உட்கார அனுமதி உண்டா? அம்மாவோ கணவரோ கூட இருக்கலாமா? ராத்திரியில் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் கிடைக்குமா? பிறந்த குழந்தையை உடனே தாயின் மார்பில் போடுவார்களா? தொப்புள் கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவார்களா? பிரசவ காலத்தில் துணை இருப்பதையும், அவசரப்படுத்தாமல் இருப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட நெறிமுறைகளே வலியுறுத்துகின்றன. நம் மத்திய அரசும் அதே ஆண்டில் மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை உங்கள் நகரத்தில் இருந்தால் விசாரியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தங்களும் நிறைய. நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு ரத்தசோகை. ரசம் சாதத்திலும் தயிர் சாதத்திலும் இரும்புச் சத்து போதாது. பயறு, கீரை, முருங்கை, எள்ளுருண்டையோடு, டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரையோடு காபி வேண்டாம், சத்து உடம்பில் சேராது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தப் பிரிவு மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், ரத்தம் படுதல், குழந்தை அசைவு குறைதல் இவற்றுக்குப் பெருங்காயமும் கஷாயமும் பார்த்துக்கொண்டிராமல் உடனே கிளம்ப வேண்டும்.

ஸீமந்தத்தை அவசியம் செய்யுங்கள். ஆனால் கர்ப்பிணியை ஹோமப் புகையில் மணிக்கணக்காக உட்கார வைக்காதீர்கள். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்தகம் அனுப்பும் வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் இன்று பிறந்தகம் சென்னை, புக்ககம் குர்காவ். கடைசி மாதங்களில் விமானத்துக்கு டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். எல்லா ரிப்போர்ட்டுகளும் கையில் இருக்க வேண்டும், புது டாக்டருக்கும் அவளைத் தெரிந்துகொள்ள அவகாசம் வேண்டும். முடியாவிட்டால் அம்மா பெண்ணின் வீட்டுக்குப் போகட்டும். சம்பந்திகள் இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

திடீரென்று வீட்டிலேயே பிரசவமாகிவிட்டால், 108ஐ அழைத்து, குழந்தையை நன்றாகத் துடைத்து, தாயின் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை இழுக்க வேண்டாம், வீட்டுப் பிளேடால் வெட்டவும் வேண்டாம். ஆம்புலன்ஸ் வரட்டும். இன்னொன்று: வீட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வது குடும்பத் தலைவரின் பொறுப்பு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். நாமகரணத்தோடு அந்த வேலையையும் முடித்துவிடுங்கள்.

சரக சம்ஹிதையில், ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே ஸூதிகாகிருஹம் கட்டி, வேண்டிய பொருள்களையும், அனுபவமுள்ள பெண்களையும் அங்கே தயாராக வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம் முன்னோர் பிரசவத்தை விதி விட்ட வழி என்று விடவில்லை. தங்கள் காலத்தில் கிடைத்த சிறந்ததைச் சேகரித்து வைத்தார்கள். நம் காலத்தில் கிடைக்கும் சிறந்ததை நாம் சேகரிப்பதே அந்த வழியில் நடப்பதாகும். வீட்டில் கர்ப்பிணி இருக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரமே அந்தக் கேள்விகளுடன் டாக்டரைப் போய்ப் பாருங்கள். தாயும் சேயும் க்ஷேமமாக வீடு திரும்ப எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன்.