எழுதி வைத்த சமத்துவம்



அமெரிக்க ஜனங்களிடையே பொதுவாயுள்ள அரசியல் கொள்கைகள் எவை, அவை எவ்வளவு தூரம் காரியத்தில் வந்திருக்கின்றன என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டார் ஒரே இனத்தாரல்லர், ஒரே மதத்தாருமல்லர். அப்படிப்பட்டவர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பவை என்று சொல்லப்படுபவை சில பொதுக் கொள்கைகளேயாகும். மனிதர் யாவரும் சமம். ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு. ஆளுகிறவனுக்கு அதிகாரம் ஜனங்களின் சம்மதத்தால் வருகிறதேயொழியப் பிறப்பால் வருவதல்ல. சர்க்காரும் சட்டத்துக்கு அடங்கியதே என்பவைகளே அவை. இவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை 1776-ல் வெளியான சுதந்திரப் பிரகடனமும், 1787-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டமும், 1791-ல் அதனோடு சேர்ந்த உரிமைத் திருத்தங்களுமாகும். ஐக்கிய சர்க்காரில் உத்தியோகம் பெற மதப் பரீட்சை கூடாது என்று அச்சட்டம் சொல்லிற்று. ஐக்கிய சர்க்கார் ஒரு மதத்தைச் சர்க்கார் மதமாக்கச் சட்டம் செய்யக்கூடாது என்று 1791-ம் வருஷத் திருத்தம் சொல்லிற்று. அந்தக் காலத்தில் இது லேசான காரியமா?

ஆனால், தோழர்களே, மறுபக்கத்தையும் பாருங்கள். யாவரும் சமம் என்று பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர்! அரசியல் சட்டமோ, பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வகுக்கும்போது, ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டது. அது அடிமைக்கு ஓட்டுக் கொடுப்பதற்காகவா? இல்லை. அவனைப் பூட்டி வைத்திருந்த எஜமானர்களின் ராஜ்யங்களுக்கு ஸ்தானம் கூட்டுவதற்காகவே! சமத்துவம் பேசிய வாய்க்கும் சவுக்குப் பிடித்த கைக்கும் சொந்தக்காரன் ஒருவனே என்றால், அந்தக் கொள்கை வெறும் வேஷந்தானா என்று நீங்கள் கேட்கலாம்.

வேஷமாகவே போயிருக்கும், கொடுமைப்பட்டவர்கள் சும்மா இருந்திருந்தால். அவர்கள் சும்மா இருக்கவில்லை. நீங்கள் வைத்த படியாலேயே எங்களுக்கும் அளந்து போடுங்கள் என்று கேட்டார்கள். 1848-ல் செனகா பால்ஸ் என்னும் ஊரில் கூடிய பெண்கள் அதே பிரகடனத்தை எடுத்துப் பெண்களையும் சேர்த்துத் திருத்தி எழுதினார்கள். அடிமையாய்ப் பிறந்து 1838-ல் தப்பியோடிய பிரடரிக் டக்ளஸ், 1852-ல் ராசெஸ்டர் நகரத்தில், உங்கள் சுதந்திர தினத்தால் அடிமைக்கு என்ன என்று வெள்ளையர் முகத்துக்கு நேரே கேட்டார்.

கேட்டவுடன் கிடைத்துவிட்டதா? அதுவுமில்லை. உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. நிறம் காரணமாக ஓட்டை மறுக்கக்கூடாதென்று 1870-ல் சட்டமாயிற்று. ஆனால் தென் ராஜ்யங்கள் ஓட்டுக்கு வரி என்றும், எழுத்துப் பரீட்சை என்றும் தந்திரம் செய்து நீக்ரோக்களைத் தடுத்தன. 1896-ல் ரயிலில் தனி வண்டி நியாயமென்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடத்தில் பிரித்து வைப்பது தவறு என்று 1954-ல்தான் அதே நீதிமன்றம் சொல்லிற்று. ஓட்டுரிமையைக் காக்கும் பலமான சட்டம் 1965-ல் வந்தது. ஏட்டிலிருந்து ஓட்டுச்சாவடிக்கு வர 95 வருஷம்! பெண்களின் ஓட்டுக்கு நிறைவேறிய திருத்தமோ 1920-ல்தான் வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடிமை எஜமானர்கள் பைபிளைக் காட்டினார்கள். அடிமைத்தனத்தை ஒழிக்க விரும்பியவர்களில் பலரும் அதே பைபிளைக் காட்டினார்கள். வேதம் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லிற்று. ஆனால் அதில் ஓர் எழுத்தைத் திருத்த யாருக்கும் அதிகாரமில்லை. அரசியல் சட்டமோ மனிதன் எழுதியது. தப்பிருந்தால் திருத்தலாம் என்று அவனே அதில் வழியும் எழுதி வைத்தான். இதுவரை 27 திருத்தங்கள் ஆகியிருக்கின்றன. அது கடவுள் வாக்கு என்று சொல்லி வைத்திருந்தால், ஐந்துக்கு மூன்று என்ற கணக்கை யார் மாற்றியிருக்க முடியும்?

ஆகவே, தோழர்களே! நல்ல கொள்கையை எழுதி வைத்திருக்கிறோம் என்பதனாலேயே ஒரு ஜனசமூகம் நல்லதாகிவிடாது. அக்கொள்கை யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, என் பங்கு எங்கே என்று கேட்கிற அளவுக்குத்தான் அது உயிர் பெறும். அமெரிக்கச் சரித்திரம் காட்டும் உண்மை இதுவேயாகும் என்று சொல்லி, என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.